பிரேக் பற்றிச் சாரதி அறிவார்

கஜேந்திரனின் டிரக்டரில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்பதைக் கம்பனி எந்தக் காலத்திலும் மறுத்ததில்லை. மூன்று மொழிகளில் எழுதி, முத்திரை குத்தி ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்த வகையில் கம்பனியைக் குறை சொல்ல முடியாது.

கிரேன்லி தேயிலைத் தோட்டம் பலாங்கொடையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஏறினால் வரும். அதன் மேல் பிரிவான மேல்கணக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர் மேலே. நடுவில் ஏழு முடக்குகள், எல்லாம் கொண்டை ஊசி வளைவுகள். காலையில் பெண்களை டிரக்டர் இழுக்கும் பெட்டியில் ஏற்றி மேல்மலைக்குக் கொண்டுபோய் விடுவதும், கொழுந்து மூட்டைகளையும் அவர்களையும் பின்னேரம் கீழே இறக்குவதும் கஜேந்திரனின் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறான். அவன் மனைவி ஜீவராணியும் அந்தப் பெட்டியில்தான் போய் வருகிறாள்.

பொங்கல் முடிந்த வாரம் அவன் தோட்டத்தின் மேலாளரான பெரிய தொரையிடம் போய்ச் சொன்னான்.

"தொர, பெடலை மூணு தடவ அடிச்சாத்தான் புடிக்குதுங்க. எறக்கத்துல மூணு தடவ அடிக்க நேரமில்லைங்க."

பெரிய தொரை நல்ல மனிதர். "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னார். "ஹெட் ஒப்பீஸுக்கு எழுதுறேன்" என்றார். எழுதவும் செய்தார்.

இரண்டு கிழமையில் ஹெட் ஒப்பீஸிலிருந்து பிரேக் லைனிங் வரவில்லை. சுரேந்திரன் வந்தார். கம்பனியின் வாகன இடர் முகாமைத்துவப் பிரிவின் பிரதேசப் பொறுப்பதிகாரி. கழுத்தில் அட்டை, கையில் டெப்லட், காலில் இரும்பு மூக்கு வைத்த சப்பாத்து. கீழே தேயிலை ஸ்டோரிலிருந்து மேல்கணக்கு வரைக்கும் அந்தச் சப்பாத்தோடு நடந்தே ஏறி வந்தார். அவருடைய வெள்ளை டபள்கெப் வண்டியை ஸ்டோர் வாசலிலேயே நிறுத்தியிருந்தார்.

"ஏன் சேர் நடந்து வந்தீங்க? டிரக்டர்ல வந்திருக்கலாமே" என்று கஜேந்திரன் உபசாரமாகக் கேட்டான்.

"இந்தப் பாதை உயர் இடர் வகுப்பு. ஹெட் ஒப்பீஸ் ஊழியர்கள் இதுல வாகனத்துல போறதுக்கு எங்கட பிரிவு தடை போட்டிருக்கு" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார் சுரேந்திரன். "ஊழியர் உயிர் விஷயத்துல நாங்க விட்டுக்கொடுக்கிறதே இல்ல."

கஜேந்திரனுக்கு அதைக் கேட்க நம்பிக்கையாக இருந்தது.

சுரேந்திரன் டிரக்டரைத் தொடவில்லை. டெப்லட்டில் ஒரு கட்டம் போட்ட படத்தைத் திறந்தார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று இருபத்தைந்து பெட்டிகள்.

"ஒரு விஷயம் நடக்கிறதுக்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கு, நடந்தா எவ்வளவு சேதம், ரெண்டையும் பெருக்கணும். பிரேக் பிடிக்காம போக வாய்ப்பு எவ்வளவு?"

"இப்பவே புடிக்கலைங்க."

"அப்ப நாலு போடுவோம். அஞ்சு போட்டா ஏற்கனவே நடந்துபோச்சு என்று அர்த்தம் வரும். சேதம்?"

"பெட்டியில பதினாலு பொம்பளைங்க இருப்பாங்க சேர்."

"அஞ்சு. நாலஞ்சு இருபது. சிவப்பு." சுரேந்திரன் முகம் வாடியது. "இந்த வருஷம் ஒரு தோட்டத்திலயும் சிவப்பு இருக்கக் கூடாது என்று பணிப்பாளர் சபை தீர்மானம் எடுத்திருக்கு. இத உடனடியாக் கவனிக்கணும்."

அவர் உடனடியாகக் கவனித்தார். கஜேந்திரனுக்கு ஒளிரும் மேலங்கி ஒன்று வந்தது. பெட்டியின் பின்பக்கத்தில் 'பாதுகாப்பே எமது பயணம்' என்ற ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. பெண்களுக்கு அரை மணி நேர விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. வாகனம் நிற்காமல் போனால் பதறக் கூடாது, கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டது. பெட்டியில் கைப்பிடி கிடையாது. ஒவ்வொரு நடவடிக்கைக்கும் வாய்ப்பு எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கடைசியில் இரண்டுக்கு வந்தது.

"ரெண்டஞ்சு பத்து. மஞ்சள்" என்றார் சுரேந்திரன், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "மஞ்சளோட நாங்க வாழலாம்."

"பிரேக்குங்க சேர்?"

"அது பொறியியல் கட்டுப்பாடு. அதுக்கு வேற கோவை திறக்கணும். நாங்க இப்ப விழிப்புணர்வுக் கட்டத்துல நிக்கிறோம்."

*

மார்ச் மாதம் படிவம் வந்தது. தினமும் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் சாரதி நிரப்ப வேண்டிய படிவம். நாற்பத்தாறு கேள்விகள். முதலில் ஆங்கிலத்தில் வந்தது, பிறகு சிங்களத்தில் வந்தது. மொழிக் கொள்கையை மதிக்கும் கம்பனி என்பதால் கடைசியில் தமிழிலும் வந்தது. தமிழ் படித்த யாரும் அதைத் தொட்டதாகத் தெரியவில்லை. பதினேழாம் கேள்வி இப்படி இருந்தது: 'உடைப்பு சரியாக உள்ளதா?'

கஜேந்திரன் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜீவராணியிடம் காட்டினான்.

"இது என்னாடி கேக்குறாங்க?"

அவள் ரொட்டி தட்டுவதை விட்டுவிட்டு இரண்டு முறை வாசித்தாள். "ஒடைஞ்சது சரியா ஒடைஞ்சிருக்கான்னு கேக்குறாங்க போலங்க."

சிங்களப் பிரதியைப் பார்த்த பிறகுதான் அது பிரேக் என்று தெரிந்தது. கஜேந்திரன் பொய் எழுதிப் பழக்கமில்லாதவன். 'இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டான்.

படிவத்தின் அடியில் ஒரு விதி இருந்தது. ஏதாவது ஒரு கேள்விக்கு 'இல்லை' என்றால் வாகனம் நகரக் கூடாது. மறுநாள் காலை பெரட்டில் பேர் பதிந்து முடித்துப் பெண்கள் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார்கள். கஜேந்திரன் கீழே நின்றான்.

"ஏன் தம்பி நிக்கிற? மலைக்குப் போக வேணாமா?" என்று கேட்டாள் மரியாயி. பெட்டியில் வயதில் மூத்தவள். வாயிலும்தான்.

"பாரத்துல நகரக் கூடாதுன்னு போட்டிருக்கு அக்கா."

ஏழரை மணிக்குப் பெரிய தொரை ஜீப்பில் வந்தார். விஷயத்தைக் கேட்டார். "மொனவத மே, என்னா இது, கஜேந்திரன்? ஓம், புடிக்குதுன்னு போட்டுட்டுப் போ."

"புடிக்கலைங்களே தொர."

"அது எனக்கும் தெரியும். பாரத்துலதான் ஓம் போடச் சொல்றேன்."

"கீழ என் கையெழுத்து இருக்குங்க."

தொரை ஹெட் ஒப்பீஸுக்குப் போன் செய்தார். சுரேந்திரன் அதை ஸ்பீக்கரில் போடச் சொன்னார். "கஜேந்திரன், உங்கட நேர்மைய நான் மதிக்கிறேன். இப்படியான சாரதிகள்தான் எங்களுக்குத் தேவை. ஆனா நீங்க 'இல்லை' போட்டா என்ட கணினியில கிரேன்லி சிவப்பாகுது. நான் பின்னேரத்துக்குள்ள ஒரு நிரந்தரத் தீர்வு தாறேன்."

சொன்னபடியே பின்னேரம் நிரந்தரத் தீர்வு வட்ஸ்அப்பில் வந்தது. திருத்திய படிவம். பதினேழாம் கேள்வி மாறியிருந்தது: 'பிரேக்கின் நிலை பற்றிச் சாரதி அறிவாரா?'

கஜேந்திரன் நிறைய நேரம் யோசித்தான். பொய் ஒன்றும் இல்லை. அறிவான்தான். 'ஆம்' என்று போட்டான். கிரேன்லி பச்சையானது.

*

ஏப்ரலில் பலாங்கொடையில் பயிற்சி. ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்திருந்தார்கள். ஆறு தோட்டத்துச் சாரதிகள் இருபத்திரண்டு பேர். பெலியுல்லோயா பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த வயதான சாரதி, வண்டி எங்கே என்று வாசலிலேயே தேடினார். வண்டி கிடையாது. பயிற்சியில் உண்மையான வாகனம் பயன்படுத்துவது இடர் என்று பிரிவு கண்டறிந்திருந்தது. பிளாஸ்டிக் கதிரைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஸ்டியரிங்குக்கு ஆளுக்கு ஒரு பேப்பர் தட்டு.

"எல்லாரும் இப்ப இறக்கத்துல போறீங்க" என்றார் சுரேந்திரன், மேடையிலிருந்து. "எதிர்ல ஒரு மாடு. பிரேக்!"

இருபத்திரண்டு பேரும் தரையை மிதித்தார்கள். எல்லாக் கதிரைகளும் அப்படியே நின்றன.

"பார்த்தீங்களா? சரியான மனநிலை இருந்தா எந்த வாகனமும் நிக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு வீதமான விபத்துகளுக்கு மனுஷத் தவறுதான் காரணம். வாகனத்தில பிழை தேடுறது பழைய சிந்தனை. அதனாலதான் எங்கட பிரிவுல மெக்கானிக் ஒருத்தரும் இல்ல."

கஜேந்திரன் கை தூக்கினான். "மிச்சம் ஆறு வீதம் சேர்?"

"அது அடுத்த வருஷத் திட்டத்துல வருது."

கஜேந்திரன் அதிகப் புள்ளி எடுத்து முதலாவதாக வந்தான். கடைசி மூலையில் இருந்த அவனுடைய கதிரைக்கு ஒரு கால் கொஞ்சம் கட்டை. ஆடியும் அவன் விழவில்லை என்பதை நடுவர்கள் கவனித்திருந்தார்கள். 'நெறிமிகு சாரதி' என்ற சான்றிதழைச் சட்டகம் போட்டுக் கொடுத்தார்கள். ஜீவராணி அதைச் சுவரில் மாட்ட விடவில்லை.

"ஆணி அடிச்சா செவரே பேந்து வந்துரும்" என்றாள். "தகரப் பொட்டிக்குள்ள வைங்க."

*

மே மாதம் பதினெட்டாம் திகதி பின்னேரம் நாலு மணிக்கு மழை பிடித்தது. கொழுந்து நிறுத்து முடித்து, மூட்டைகளை ஏற்றி, மேலே படங்கு போட்டு, பெண்கள் நனைந்தபடி ஓரங்களில் உட்கார்ந்தார்கள். மூன்று முடக்கு ஒழுங்காக இறங்கினான். நாலாவது கோயில் முடக்கு. அதற்கு ஒரு பக்கம் மண்மேடு, மறு பக்கம் ஒன்றும் இல்லை. கீழே ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்கும்.

பெடலை அடித்தான். இறங்கிப் போனது. மறுபடி அடித்தான். மூன்றாவது அடிக்கும் அது தரையோடு ஒட்டிக்கொண்டது. கியர் இறங்கவில்லை. பின்னாலிருந்த பெட்டியின் பாரம் டிரக்டரைத் தள்ளியது.

"இறுக்கிப் புடிங்க!" என்று கத்தினான். எதைப் பிடிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள்.

முடக்குக்கு இருபது அடி முன்பாகவே அவன் ஸ்டியரிங்கை மண்மேட்டின் பக்கம் ஒடித்துத் திருப்பினான். முன் சக்கரம் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தது. டிரக்டர் மேட்டைக் குடைந்துகொண்டு நின்றது. பெட்டி சரிந்து, ஆனால் கவிழாமல், தேயிலைச் செடிகளின் மேல் சாய்ந்தது. மூட்டைகளோடு பெண்களும் சேற்றில் விழுந்தார்கள்.

மரியாயி மாதாவைக் கூப்பிட்டு அழுதாள். கஜேந்திரன் இறங்கி ஓடினான். நெற்றியிலிருந்து ரத்தம் வழிவது அவனுக்குத் தெரியவில்லை. தலைகளை எண்ணினான். பதிமூன்று. மறுபடி எண்ணினான். பதிமூன்று.

ஜீவராணி மூட்டைகளுக்கு அடியில் இருந்தாள். இரண்டு மூட்டையைப் புரட்டியதும் அவள் முகம் தெரிந்தது.

"கை" என்றாள். "கையத் தொடாதீங்க. மத்தபடி ஒண்ணுமில்ல."

இடது முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. பலாங்கொடை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவள்தான் பேசிக்கொண்டே வந்தாள், வலி தெரியாமல் இருப்பதற்காக.

*

சுரேந்திரன் மூன்றாம் நாள் வந்தார். இப்போதும் நடந்தேதான். ஸ்டோர் வாசலில் 'விபத்தில்லா நாட்கள்: 412' என்ற பலகை இருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தார். யாரும் கை வைக்கவில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக மேலே ஏறினார்.

விசாரணை பெரிய தொரையின் ஒப்பீஸில் நடந்தது.

"விபத்து என்றா என்ன? வாகனம் சாரதியின் கட்டுப்பாட்ட இழக்கிறது" என்றார் சுரேந்திரன். "இங்க சாரதி வேணுமென்றே மண்மேட்டுல திருப்பியிருக்கிறார். நிறுத்தணும் என்று நினைச்சார், நிறுத்தினார். ஆகவே இது விபத்து இல்ல. மாற்று முறையிலான நிறுத்தம்."

"எம் பொஞ்சாதி கை ஒடைஞ்சிருக்குங்க சேர்."

"வாகனம் முழுசா நிக்கிறதுக்கு முந்தி அவங்க இறங்கியிருக்கிறாங்க."

"எறங்கலைங்க. விழுந்தா."

"படிவத்துல விழுறதுக்குக் கட்டம் இல்ல. ஏறுதல், இறங்குதல் ரெண்டுதான்." சுரேந்திரன் ஒரு கோவையைத் திறந்தார். உள்ளே கஜேந்திரன் தினமும் நிரப்பிக் கொடுத்த தாள்கள். "இப்ப முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பதினேழாம் கேள்வி. பிரேக்கின் நிலை பற்றிச் சாரதி அறிவாரா? ஆம். ஐம்பத்தெட்டு நாள், ஐம்பத்தெட்டு ஆம். எல்லாம் உங்கட கையெழுத்து. பிரேக் பிடிக்காது என்று தெரிஞ்சுகொண்டே பதினாலு பேரை ஏத்திக்கொண்டு போயிருக்கிறீங்க. இது பாரதூரமான விஷயம், கஜேந்திரன்."

கஜேந்திரன் தொரையைப் பார்த்தான். தொரை ஜன்னலைப் பார்த்தார்.

"கம்பனிக்கும் தெரியுந்தானுங்களே?"

"கம்பனிக்குத் தெரியும். ஆனா கம்பனி ஓட்டல்லயே" என்றார் சுரேந்திரன், மிகவும் பொறுமையாக.

எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். இன்னொரு தடவை நடந்தால் வேலை போகும். வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும் என்பது எழுதப்படவில்லை. அது எல்லாருக்கும் தெரியும். டிரக்டரைக் கானிலிருந்து இழுத்து, நசுங்கிய முன்சில்லை நிமிர்த்தி, திங்கட்கிழமை மீண்டும் சேவையில் விடுவதென்று முடிவானது. ஸ்டிக்கர் கிழிந்திருந்தது. அதைப் புதிதாக ஒட்டினார்கள்.

*

திங்கட்கிழமை காலை பெரட்டுக்களத்தில் டிரக்டர் நின்றது. சுரேந்திரனும் அங்கே இருந்தார், 'மீள்நம்பிக்கை நிகழ்வு' என்று ஒரு பதாகையோடு. பெண்கள் யாரும் பெட்டியில் ஏறவில்லை. மாவுக்கட்டுப் போட்ட கையோடு ஜீவராணியும் வந்து முன்னால் நின்றாள்.

"ஏறுங்க, ஏறுங்க. இப்ப வாகனம் பச்சை" என்றார் சுரேந்திரன்.

"நீங்க முன்னுக்கு ஏறுங்க சேர்" என்றாள் ஜீவராணி. "நாங்க பின்னுக்கு ஏறுறோம்."

சுரேந்திரன் சிரித்தார். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. "நான் ஏற ஏலாது. விதி பதினாலு. நீங்களும் விளங்கிக்கொள்ளணும். ஹெட் ஒப்பீஸ் ஊழியர்கள் இந்தப் பாதையில…"

"உசுருக்கு ஆபத்துன்னு போட்டிருக்கா?" என்று கேட்டாள் மரியாயி.

"உயர் இடர் என்று போட்டிருக்கு."

"அந்த விதியில நாங்க இல்லையா?"

"நீங்க ஊழியர் என்ற வகுப்புல வரமாட்டீங்க அம்மா. எங்கட ஆவணத்துல நீங்க…" அவர் டெப்லட்டில் தேடினார். "இடருக்கு உட்படும் நபர்கள். உங்களுக்கெண்டு தனியா ஒரு நிரல் இருக்கு. உங்கள நாங்க மறக்கல்ல."

கஜேந்திரன் டிரக்டர் பக்கம் போனான். ஓட்டத்தான் போகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவனே அப்படித்தான் நினைத்திருந்ததாகப் பிறகு சொன்னான். சாவியை எடுத்தான். திரும்பி வந்து அதைச் சுரேந்திரனின் டெப்லட்டின் மேல் வைத்தான்.

"இவங்கள வச்சிக்கிட்டு நான் ஓட்டமாட்டேங்க. இவங்க இல்லாம கொழுந்த மட்டும் ஏத்திக்கிட்டும் ஓட்டமாட்டேன். லயத்த வேணும்னாலும் எடுத்துக்கங்க."

ஜீவராணி பக்கத்தில் வந்து நல்ல கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

பெண்கள் நடந்தார்கள். நான்கு கிலோமீட்டர் ஏற்றம். மலைக்குப் போய்ச் சேரும்போது ஒன்பது மணி. பறித்த கொழுந்து, நிறுக்கும் கொட்டகையான மடுவத்திலேயே கிடந்தது. கம்பனிக்கு வேறு சாரதிகள் இருந்தார்கள். ஆனால் 'நெறிமிகு சாரதி' சான்றிதழ் இல்லாத சாரதி இந்தப் பாதையில் ஓட்டக் கூடாது என்று சுரேந்திரனே விதி எழுதியிருந்தார். கம்பனியில் அதை வைத்திருந்தவன் கஜேந்திரன் ஒருவன்தான்.

செவ்வாய்க்கிழமை ஹெட் ஒப்பீஸ் விரைந்து செயல்பட்டது. டிரக்டர் எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கொழும்பிலிருந்தே பார்க்கக்கூடிய கருவி ஒன்றைப் பூட்டினார்கள். அது பெரட்டுக்களத்தில் நிற்கிறது என்று கொழும்புக்கு அன்றே தெரிந்துவிட்டது.

புதன்கிழமை பெரிய தொரை மடுவத்துக்குப் போனார். மூன்று நாள் கொழுந்து சிவந்து, சூடேறி, புளித்த வாடை அடித்தது. ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். யாருக்கும் எழுதவில்லை. போனை எடுத்துப் பலாங்கொடையில் கராஜ் வைத்திருக்கும் ஆஸிக்குக்கு அழைத்தார்.

ஆஸிக் மோட்டார் சைக்கிளில் ஒரு பையோடு வந்தான். சில்லைக் கழற்றினான். டிரம்முக்குள் பார்த்தான். பிறகு நிமிர்ந்து சுற்றி நின்றவர்களைப் பார்த்தான்.

"இதுல லைனிங்கே இல்லையே. இரும்பும் இரும்பும் உரசிக்கிட்டு இருக்கு. யாரு இத ஓட்டினது?"

"நான்தான்" என்றான் கஜேந்திரன்.

ஆஸிக் பையைத் திறந்தான். ஒரு மணி நேரம் இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. பெட்டியின் பிரேக்கையும் சேர்த்துச் செய்தான். சாமான் அவன் கடையிலேயே இருந்தது. ஜனவரியிலும் இருந்ததாம்.

*

வியாழக்கிழமை கஜேந்திரன் முதலில் வெறும் பெட்டியோடு மேல்கணக்குக்கு ஏறிப்போய், அங்கிருந்து தனியாக இறங்கினான். வேகத்தைக் கொஞ்சம் கூட்டியே கோயில் முடக்குக்கு வந்தான். பெடலை ஒரு தரம் மிதித்தான். டிரக்டர் நின்றது. இஞ்சினை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதான் என்று கீழ்மலையில் புல்லு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள். அவன் அதை ஒத்துக்கொள்வதில்லை.

பின்னேரம் பெண்கள் ஏறினார்கள். நாலாவது முடக்கு வரும்வரை ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டே வந்தார்கள். அதைத் தாண்டியதும் மரியாயி, படங்கில் ஓட்டை இருக்கிறது, தன் தலையில் மட்டும் சொட்டுகிறது என்று அவனைத் திட்டத் தொடங்கினாள். ஜீவராணி சிரித்தாள். கீழே வரும்வரை திட்டு ஓயவில்லை.

வருட முடிவில் சுரேந்திரனுக்குக் கம்பனி விருது கொடுத்தது. கிரேன்லியில் பங்கேற்பு முறையில் இடரைக் குறைத்ததற்காக. ஏற்புரையில் அவர் மேலங்கி பற்றியும் கூட்டம் பற்றியும் பயிற்சி பற்றியும் இருபது நிமிடம் பேசினார். ஆஸிக்கின் வேலை அறிக்கையில் 'அனுமதி பெறாத மாற்றம்' என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. அதை நீக்குவதா வைத்திருப்பதா என்று ஒரு குழு ஆராய்ந்து வருகிறது.

கஜேந்திரனுக்கு ஒரு கடிதம் மட்டும் வந்தது. அந்த வியாழக்கிழமை காலை எட்டு மணி பதினொரு நிமிடத்துக்கு அவனுடைய வாகனம் நாலாவது முடக்கில் திடீரென்று நின்று, முன் அனுமதி இல்லாமல் ஒன்பது நிமிடம் அங்கேயே தரித்திருந்ததைக் கருவி காட்டியிருந்தது. இந்த வாகனத்தின் பழைய பதிவுகளில் இப்படியொரு நிறுத்தம் காணப்படவில்லை. எனவே அதற்கான காரணத்தை ஏழு நாட்களுக்குள் எழுத்தில் விளக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

விளக்கம் எழுத அரைப் பக்கம் இடம் விட்டிருந்தார்கள். கஜேந்திரன் பேனையை எடுத்து, மேசையில் கையூன்றி உட்கார்ந்து, நிதானமாக எழுதினான்:

'மிதித்தேன். நின்றது.'